கல்யாண போட்டோகிராபர்: கேண்டிட் மட்டும் போதுமா?

செப்டம்பர் 8, இரவு 9.40 (கேள்வி)

தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். திருச்சியில் மண்டபம். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலை 6 முதல் 7.30 முகூர்த்தம். 800 பேர் வரலாம். கையில் இரண்டு கொட்டேஷன். ஒருவர் சென்னைக்காரர், இன்ஸ்டாகிராமில் அவர் படங்கள் கண்ணைப் பறிக்கின்றன, கேண்டிட் (நிற்கவைக்காமல், நடப்பதை இயல்பாக எடுப்பது) மட்டும்தான் எடுப்பாராம். இன்னொருவர் உள்ளூர் ஸ்டுடியோ. ட்ரெடிஷனல் போட்டோ, வீடியோ, ஆல்பம் எல்லாம் சேர்த்தே முதலாமவர் கேட்பதில் பாதிதான். இந்தக் காலத்தில் ட்ரெடிஷனல் தேவையே இல்லை என்பது என் கட்சி. வரிசையாக நிற்கவைத்து எடுத்த படத்தை யார் திரும்பப் பார்க்கிறார்கள்? அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. விவரம் தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 8, இரவு 11.15

தம்பி, கொட்டேஷனைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இரண்டு பேரிடமும் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "உங்களுடையதில் ஒரு முழுக் கல்யாணத்தைக் காட்டுங்கள்." பொறுக்கியெடுத்த ஐம்பது படம் வேண்டாம். ஒரே கல்யாணத்தில் வீட்டாருக்குக் கொடுத்த நானூறு, ஐந்நூறு படமும் வேண்டும். அதுவும் கடற்கரை ரிசார்ட்டில் மாலை வெயிலில் எடுத்தது உங்களுக்கு உதவாது. உங்கள் கல்யாணம் போலவே ஏசி மண்டபம், விடியற்காலை முகூர்த்தம், ஹோமப் புகை, எல்.இ.டி. விளக்கு என்று இருக்கவேண்டும். இன்ஸ்டாகிராமில் இருப்பது ஒருவர் ஒரு வருஷத்தில் எடுத்ததில் தேறிய நூறு படம். உங்கள் கைக்கு வரப்போவது ஒரே நாளில் எடுத்தது அத்தனையும்.

முழு கேலரி கிடைத்ததும் எங்கே கண் வைக்கவேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் பெண்ணின் முகத்தையும் கழுத்தையும் கையையும் சேர்த்துப் பாருங்கள். முகம் ஒரு நிறம், மருதாணி வைத்த கை ஒரு நிறம் என்றால் எடிட்டிங்கில் வெளுத்திருக்கிறார்கள். மாநிறப் பெண்ணை மாவு பூசினாற்போல் ஆக்குவது இன்றைக்கும் நடக்கிறது. அப்படிச் செய்கிறவரை நான் எந்த விலைக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது அரக்குச் சிவப்புப் பட்டு. சிவப்பு நிறம் கேமராவில் சீக்கிரம் நிரம்பிவிடும். புடவையின் மடிப்பும் புட்டாவும் தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக இருந்தால் எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவு, கைவசம் இல்லை என்று அர்த்தம். ஜரிகையில் ஃபிளாஷ் பட்டு வெள்ளையாக வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, குரூப் படத்தில் பின்வரிசை. மூன்று வரிசை நிற்கும் படத்தை லென்ஸ் துளையை அகலத் திறந்து எஃப் 1.8-இல் எடுத்தால் முன்வரிசை கூர்மையாக இருக்கும், பின்னால் நிற்கும் தாத்தா மங்கிப்போவார். துளையைச் சுருக்கி எஃப் 5.6 அல்லது 8 வைத்து, குறைகிற வெளிச்சத்தை ஃபிளாஷால் ஈடுகட்டத் தெரிந்தவர் வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால் ஐந்து நொடியில் தெரிந்துவிடும்.

ட்ரெடிஷனல் விஷயத்துக்கு வருகிறேன். வரவேற்புக்கு மட்டும் ஒரு ட்ரெடிஷனல் ஆளை வைத்துக்கொண்டு, முகூர்த்தத்தைக் கேண்டிட்காரரிடமே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

செப்டம்பர் 9, காலை 7.05

நேற்று விட்டுப்போனது. "யார் வருவார்?" என்று கேட்டீர்களா?

தை, வைகாசி, ஆவணி மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஒரே நாளில் ஒரு ஸ்டுடியோ மூன்று நான்கு ஆர்டர் எடுக்கும். ஆடியும் மார்கழியும் கை வறண்டு கிடக்கும் தொழில், அதனால் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் பெயருக்கு உரியவர் ஒரு மண்டபத்தில்தான் இருக்க முடியும். மற்ற இடங்களுக்கு நாள்கூலி ஃப்ரீலான்சர்கள் போவார்கள். நீங்கள் பார்த்து மயங்கிய படங்களை எடுத்தவர் ஒருவர், உங்கள் மண்டபத்துக்கு வருகிறவர் வேறொருவர்.

அதனால் ஒப்பந்தத்தில் ஸ்டுடியோ பெயரோடு ஆட்களின் பெயரும் வேண்டும். கேண்டிட் இன்னார், ட்ரெடிஷனல் இன்னார், வீடியோ இன்னார். முழுக் கல்யாணம் பார்க்கக் கேட்டீர்களே, அது அந்த இன்னார் எடுத்ததாக இருக்கவேண்டும். அவருக்கு உடம்பு முடியாமல் போனால் பதிலுக்கு யார் என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள்.

செப்டம்பர் 9, இரவு 8.20 (கேட்டவர்)

சென்னைக்காரரிடம் பேசினேன். அவரே வருவாராம், கூட ஒரு அசிஸ்டென்ட். தாலி கட்டுவதைத் தன் ஒரு கேமராவே பார்த்துக்கொள்ளும் என்கிறார். உள்ளூர்க்காரர் "முழுக் கல்யாணம் எதுக்கு சார், ஆல்பமே காட்டுறேன்" என்றார். மாப்பிள்ளை வீடு ஈரோடு. அவர்களும் தனியாக ஒரு போட்டோகிராபரை அழைத்து வருவார்களாம்.

செப்டம்பர் 11, இரவு 10.30

8-ஆம் தேதி எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். முகூர்த்தத்துக்கும் ட்ரெடிஷனல் ஆள் வேண்டும். காரணம் இடம்தான், ரசனை அல்ல.

தாலி கட்டும் நேரத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். மாப்பிள்ளை கை இரண்டும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகும். முடிச்சு விழுவது பின்னால். முகங்கள் இருப்பது முன்னால். அம்மா கண் கலங்குவது பக்கத்தில். நாத்தனார் முடிச்சுப் போடக் குனியும்போது அவர் தலையே முன்பக்கத்தை மறைக்கும். கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதை விழும், பெரியவர்கள் எல்லாம் எழுந்து மேடையை நெருங்குவார்கள். மொத்தமும் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும், இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. ஒரே ஆள் முன்னாலும் பின்னாலும் நிற்க முடியாது. ஒருவர் மேடை ஓரத்தில் தாழ உட்கார்ந்து 24-70 லென்ஸில் முகங்களைப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் பின்னால் நின்று முடிச்சைப் பிடிக்கவேண்டும். வீடியோ கேமரா மூன்றாவது கோணம். கேண்டிட்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

வரவேற்புக்கும் ஒரு கணக்கு. 800 பேர் என்றால் மேடைக்குக் குடும்பம் குடும்பமாக ஏறினாலும் 300 குழு தேறும். மூன்று மணி நேரம் என்றால் ஒரு குழுவுக்கு 36 நொடி. ஏறி, கை குலுக்கி, மொய்க் கவர் கொடுத்து, நின்று, இறங்கவேண்டும். இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் சாஃப்ட்பாக்ஸ் விளக்கு நிறுத்தி, "அண்ணே கொஞ்சம் உள்ளே வாங்க, பாப்பா இங்க பாரு" என்று ஒரே மூச்சில் சொல்லி, யாரும் கண் மூடாமல் இரண்டு க்ளிக்கில் முடிக்கிறவர் ட்ரெடிஷனல்காரர். அது தனிக் கைத்தொழில். கேண்டிட் எடுப்பவரை அங்கே நிறுத்தினால் அவருக்கும் கஷ்டம், வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கஷ்டம்.

இன்னொன்று. நிற்கவைத்து எடுத்த படத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். பத்து வருஷம் கழித்து ஆல்பத்தைப் புரட்டும்போது விரல் நிற்பது அதில்தான். "இது சித்தப்பா, இதுக்கப்புறம் அவர் இல்லை" என்று சொல்ல வைக்கும் படம், அவர் நேராக நின்று கேமராவைப் பார்த்த படமாகத்தான் இருக்கும். உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

செப்டம்பர் 11, இரவு 10.50

ஆல்பத்தை மட்டும் காட்டுகிறேன் என்ற உள்ளூர்க்காரரைத் தள்ளிவிடாதீர்கள். பலருக்கு ஆன்லைன் கேலரி வைக்கும் பழக்கம் கிடையாது, அவ்வளவுதான். கடைக்கே போய் கம்ப்யூட்டரில் ஒரு கல்யாண ஃபோல்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எடிட் செய்யாத படங்களைப் பார்க்கக் கிடைத்தால் இன்னும் நல்லது.

செப்டம்பர் 14, காலை 6.30

இரண்டு வீட்டுக்கும் தனித்தனி டீம் என்றீர்களே, அதில் பல சிக்கல் உண்டு.

ஒன்று, ஃபிளாஷ். இரண்டு டீமும் ரேடியோ டிரிக்கரை (கேமராவிலிருந்து ஃபிளாஷை வெடிக்கவைக்கும் கருவி) ஒரே சேனலில் வைத்திருந்தால் அவர் க்ளிக் செய்யும்போது இவர் விளக்கு வெடிக்கும். இவர் படம் எடுக்கும் நேரத்தில் விளக்கு சார்ஜ் ஏறாமல் கிடக்கும், படம் இருட்டாக வரும். மண்டபத்துக்கு வந்ததும் இரண்டு பேரும் சேனல் எண்ணைப் பேசி மாற்றிக்கொள்ளவேண்டும். ஸ்டாண்டில் நிறுத்தும் பெரிய ஃபிளாஷான ஸ்ட்ரோப் விளக்கில் ஆப்டிகல் ஸ்லேவ் என்று ஒன்று உண்டு, மற்ற ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கண்டதும் தானே வெடிக்கும். அதை அணைத்துவைக்கவேண்டும். இல்லாவிட்டால் சேனலை மாற்றியும் பயனில்லை.

இரண்டு, தாலி கட்டும்போது முன்னால் யார்? இரண்டு டீமும் முன்னால் நின்றால் ஒருவர் படத்தில் இன்னொருவர் முதுகு. கீழே உட்கார்ந்திருக்கும் 800 பேருக்கும் முதுகுதான். மேடையில் நான்கு பேருக்கு மேல் கேமராவோடு நிற்கக் கூடாது என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விளக்கு ஸ்டாண்டுகள் மேடையின் இரு ஓரத்தில் மட்டும்.

என்னைக் கேட்டால் ஒரே டீம், இரண்டு ஆல்பம், செலவு பாதிப் பாதி. சம்பந்தி வீட்டில் இதைப் பெரியவர் ஒருவர் மூலமாகப் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

செப்டம்பர் 14, மதியம் 1.10

ஈரோடு என்றதும் கேட்க நினைத்தது. கொங்கு வழக்கத்தில் கல்யாணம் என்றால் இணைச்சீர் இருக்கும், சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர் இருப்பார், மங்கல வாழ்த்து பாடுவார்கள். சென்னையிலிருந்து வருகிற போட்டோகிராபருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. மாப்பிள்ளையின் அக்கா தங்கைக்கு உரிய சீர் இணைச்சீர். அதை ஏதோ சின்னச் சடங்கு என்று நினைத்து அவர் டீ குடிக்கப் போயிருந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வாழ்நாள் மனக்குறை.

தாளில் எழுதிக் கொடுங்கள். சடங்கின் பெயர், உத்தேச நேரம், மேடையா அறையா வாசலா, அதில் முக்கியமானவர் யார். ஐயர் வீட்டுக் கல்யாணம் என்றால் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், அம்மி மிதித்தல் என்று அந்தப் பட்டியல் வேறு. செட்டிநாட்டில் திருப்பூட்டுதலும் (தாலி கட்டுவது) கழுத்திருவும் (அவர்களின் பெரிய தங்கத் தாலி) இருக்கும். மாதா கோயில் கல்யாணத்தில் பீடத்தருகே ஃபிளாஷ் போடலாமா என்று பங்குத்தந்தையிடம் முன்பே கேட்கவேண்டும். நிக்காஹ் என்றால் பெண்கள் பக்கத்துக்குப் பெண் போட்டோகிராபர் வேண்டும்.

பெண் போட்டோகிராபர் எந்தக் கல்யாணத்துக்கும் நல்லது. 6 மணி முகூர்த்தத்துக்கு மணப்பெண் அலங்காரம் விடியற்காலை 3 மணிக்குத் தொடங்கும். அந்த அறையில் கூச்சமில்லாமல் நிற்க ஒரு பெண் இருந்தால் நல்ல படங்கள் கிடைக்கும்.

செப்டம்பர் 20, இரவு 9.00

விளக்கு பற்றி நான்கு பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கல்யாணப் படம் கெட்டுப்போவதில் பாதி இங்கேதான்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்.இ.டி. விளக்கும் பழைய டியூப்லைட்டும் நொடிக்கு 100 தடவை துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. வீடியோவை நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேமில் எடுத்தால் படத்தில் வெளிச்சம் அலையடிக்கும். 25 அல்லது 50 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் அடங்கும். போட்டோவில் சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் படத்தின் குறுக்கே கோடு கோடாக விழும். மண்டபத்துக்குள் மெக்கானிக்கல் ஷட்டர்தான் பாதுகாப்பு. மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. ஸ்கிரீன் வைத்தால் அதற்குத் தனியாக ஒரு துடிப்பு உண்டு, 1/100 வைத்தாலும் கோடு வரலாம். வரவேற்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஸ்கிரீனை ஓடவிட்டு ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சோதிக்கவேண்டும். டெக்கரேஷன்காரர் ஸ்கிரீனை 6.25-க்குப் போட்டால், 6.30-க்கு மாப்பிள்ளை வந்து நின்றால், சோதிக்க யாருக்கு நேரம்?

அடுத்தது நிறம். டெக்கரேஷனில் ஊதா, ரோஸ் நிற ஸ்டேஜ் விளக்கு மேடைமேல் அடித்தால் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போகும். ஒரே நிறமாக அடிக்கும் விளக்கில் மற்ற நிறங்களே கிடையாது, அதனால் எடிட்டிங்கில் மீட்கவே முடியாது. டெக்கரேஷன்காரரிடம் ஒரு வரி சொல்லுங்கள்: "நிற விளக்கு பின்சுவர்மேல் மட்டும் விழட்டும், ஆள்மேல் வெள்ளை விளக்கு." இதற்குக் காசு செலவில்லை.

மேடைக்குப் பக்கத்தில் போட்டோ, வீடியோக்காரர்களுக்குத் தனி பிளக் பாயின்ட் கேளுங்கள். டிஜே செட் மாட்டிய அதே போர்டில் ஸ்ட்ரோப் மாட்டி, டிரிப் ஆகி, வரவேற்பு நடுவில் மேடையே இருண்டுபோவது உண்டு.

செப்டம்பர் 20, இரவு 9.25

வீடியோவில் சத்தம். சினிமாட்டிக் என்ற பெயரில் கெட்டிமேளத்தை அழித்து அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிட ஹைலைட்ஸுக்கு அது சரி. ஆனால் அசல் சத்தத்தோடு முழு நீள வீடியோ ஒன்று தனியாக வேண்டும் என்று கேளுங்கள். மந்திரமும் மங்கல வாழ்த்தும் தெளிவாகக் கேட்கவேண்டும் என்றால் சொல்பவர், பாடுபவர் சட்டையில் சின்ன மைக் மாட்டவேண்டும். தவிலும் நாதஸ்வரமும் உச்சத்துக்குப் போகும்போது கேமரா மைக்கில் சத்தம் கிழியும். தெரிந்தவர்கள் ஒரே ஒலியை இரண்டு அளவில் பதிவார்கள், ஒன்று சாதாரணம், ஒன்று 12 டெசிபல் குறைத்து. "கெட்டிமேளச் சத்தம் எப்படிப் பதிவீர்கள்?" என்று கேட்டுப்பாருங்கள். பதிலிலேயே ஆளின் தரம் தெரியும்.

செப்டம்பர் 27, மாலை 5.45

ட்ரோன் கேட்டவருக்கு. 2021 ட்ரோன் விதிகளின்படி ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைத் தொழிலுக்காகப் பறக்கவிடுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்குள் இருக்கவேண்டும். திருச்சி விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது, ஊருக்குள் பல மண்டபங்கள் அந்த வளையத்தில் வரும். மண்டபக் கூரையை மேலிருந்து எடுத்து என்ன செய்யப்போகிறோம்? அந்தப் பணத்தில் இன்னொரு கேண்டிட் ஆள் போடுங்கள்.

கோயிலில் தாலி கட்டுவதாக இருந்தால் வேறு ஏற்பாடு. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறநிலையத்துறைக் கோயில்களில் செல்போனுக்குத் தடை கொண்டுவரச் சொன்னது. கேமராவுக்கு ஒவ்வொரு கோயிலிலும் விதி வேறு. செயல் அலுவலர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, அந்தத் தாளை போட்டோகிராபர் கையில் கொடுங்கள்.

அக்டோபர் 5, இரவு 10.10

ஆல்பம்.

கொட்டேஷனில் "40 ஷீட் 12×36" என்று இருக்கும். விரித்தால் 12 அங்குலம் உயரம், 36 அங்குலம் அகலம். மூடினால் 12×18. ஒரு ஷீட் என்பது விரித்த இரண்டு பக்கம், ஆக 40 ஷீட்டில் 80 பக்கம். ஷீட்டுக்கு மூன்று நான்கு படம் என்றால் 120 முதல் 160 படம்தான் கொள்ளும். வீட்டார் ஆசையாக 350 படம் பொறுக்கிக் கொடுத்தால் ஒன்று தபால்தலை அளவில் திணிப்பார்கள், இல்லையென்றால் 90 ஷீட் அளவுக்கு ஆகும். கூடுதல் ஷீட் ஒன்றுக்கு எவ்வளவு என்று இப்போதே எழுதி வாங்குங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மணமக்கள் முகம் நடு மடிப்பில் விழாமல் டிசைன் செய்யவேண்டும். டிசைனை அச்சுக்கு அனுப்பும் முன் எல்லா ஷீட்டையும் ஜேபெக்காக அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு தடவை திருத்தம் இலவசம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பெயர் எழுத்துப்பிழை, தேதி, யாருடைய தாத்தா விட்டுப்போனார் என்று இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பெரியவர் பார்க்கட்டும்.

பேப்பர்: பளபளப்பு க்ளாஸியில் விரல் ரேகை விழும், டியூப்லைட் பிரதிபலிக்கும். பத்துப் பேர் கை மாறும் ஆல்பத்துக்கு மேட் அல்லது சில்க் பூச்சு நல்லது. கிழியாத பேப்பர் என்று ஒன்று உண்டு, வீட்டில் குழந்தை இருந்தால் அதைக் கேளுங்கள்.

அக்டோபர் 6, காலை 8.00

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது வாட்ஸ்அப்பில் வந்த படங்களைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், சித்தி மகன் போனில் எடுத்தது என்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 12 அங்குலத்துக்கு அச்சடித்தால் அங்குலத்துக்கு 133 புள்ளி. மங்கலாகத்தான் வரும். 24 மெகாபிக்சல் கேமராப் படம் 6000 பிக்சல் அகலம், அதை 36 அங்குலத்துக்கு விரித்தாலே 167தான் வருகிறது. போன் படம் வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அளவில் வரும்.

ஆல்பம் தாமதமாவதற்கு எப்போதும் ஸ்டுடியோ காரணமில்லை. படம் பொறுக்கிக் கொடுக்காமல் ஆறு மாதம் போட்டுவைக்கும் வீடுகள் அதிகம். கல்யாணத்துக்குப் பின் 3 வாரத்தில் எல்லாப் படமும் கைக்கு வரவேண்டும், அடுத்த 30 நாளில் நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவேண்டும், அதிலிருந்து 45 நாளில் ஆல்பம். கெடு இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

அக்டோபர் 19, இரவு 11.30

காப்புரிமை. இதைப் பலர் கவனிப்பதில்லை. 1957 காப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு: காசு கொடுத்து, நீங்கள் சொல்லி எடுக்கப்பட்ட போட்டோவுக்கும் வீடியோவுக்கும் முதல் உரிமையாளர் நீங்கள்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை. அந்த "வேறு மாதிரி ஒப்பந்தம்" என்பதைத்தான் பொடி எழுத்தில் போடுவார்கள், "உரிமை ஸ்டுடியோவுடையது" என்று. கையெழுத்துப் போட்டால் உரிமை போய்விடும். தங்கை படம் அவர்கள் விளம்பரத்தில், பேனரில் வரலாமா, எந்தெந்தப் படம் வரலாம் என்று மணமக்கள் இரண்டு பேரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான்கு படம் போடட்டும், கேட்டுவிட்டுப் போடட்டும் என்பது நியாயமான ஏற்பாடு, நல்ல போட்டோகிராபர் மறுக்கமாட்டார்.

ரா ஃபைல் (கேமராவில் பதிந்த பதப்படுத்தாத மூலக் கோப்பு) கேட்டு அடம்பிடிக்காதீர்கள். எடுத்த எல்லாப் படமும் முழு அளவு ஜேபெக்கில் இருந்தால் போதும்.

பணம்: முன்பணம் 20 சதவீதம், முகூர்த்தம் முடிந்ததும் 50, எல்லாப் படமும் வீடியோவும் கைக்கு வந்ததும் 20, ஆல்பம் வந்ததும் 10. கல்யாணத்தன்றே 90 சதவீதம் கேட்பவர்கள் உண்டு. அதற்கு ஒத்துக்கொண்டால் ஆல்பம் கேட்டு நடையாய் நடக்கவேண்டியிருக்கும். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் விலைக்குள்ளா வெளியேயா என்று கேளுங்கள். பில் வாங்குங்கள். வேலையை முடிக்காமல் இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. அங்கே பேசப்போவது பில்லும் ஒப்பந்தமும்தான்.

நவம்பர் 3, மாலை 6.15 (கேட்டவர்)

முடிவு செய்துவிட்டோம். உள்ளூர் ஸ்டுடியோவில் ட்ரெடிஷனல் போட்டோ, வீடியோ. சென்னையிலிருந்து கேண்டிட் ஒருவர், கூட ஒரு பெண் போட்டோகிராபர். மாப்பிள்ளை வீட்டில் தனி டீம் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார்கள், ஆல்பம் இரண்டு. அப்பாவுக்குச் சந்தோஷம். இனி என்ன பார்க்கவேண்டும்?

நவம்பர் 3, இரவு 9.30

நல்ல முடிவு தம்பி. இனிமேல் டேட்டா.

ஒரு கேமராவில் 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா எட்டு மணி நேரம் ஓடினால் 720 ஜிபி. போட்டோ 5000, ஒன்றுக்கு 30 எம்பி என்றால் 150 ஜிபி. ஆக 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று நீங்களே வாங்கிவையுங்கள். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபம் காலி செய்யும் முன், எல்லாக் கார்டையும் லேப்டாப் வழியாக அதில் நகல் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆகும், அதற்கு ஒரு தம்பியைக் கூடவே உட்கார வையுங்கள். நகல் முடிந்ததும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் பத்துப் படம், வீடியோவில் நடுவில் ஒரு இடம் திறந்து பாருங்கள். அதுவரை எந்தக் கார்டும் ஃபார்மட் ஆகக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்டுடியோ கூலிக்குக் கூட்டிவந்த ஃப்ரீலான்சர் தன் கார்டைத் தன்னோடு எடுத்துப்போவார். ஸ்டுடியோவுக்கும் அவருக்கும் பணத் தகராறு என்றால் உங்கள் படம் அவர் பீரோவில் தூங்கும். உங்கள் கையில் ஒரு நகல் இருந்தால் அவர்கள் தகராறு அவர்களோடு போகும்.

இரண்டு கார்டு போடும் வசதியுள்ள கேமராவா, இரண்டிலும் ஒரே படம் பதிகிறதா என்று கேளுங்கள். ஒன்று நிரம்பியதும் மற்றதுக்குப் போகும்படி சிலர் வைத்திருப்பார்கள். கார்டு கெட்டுப்போனால் அது காப்பாற்றாது.

நவம்பர் 3, இரவு 9.50

மறந்துவிட்டேன், சாப்பாடு. டீமில் ஏழு எட்டுப் பேர் இருப்பார்கள். விடியற்காலை 3 மணிக்கு வந்தவர்களுக்கு 5 மணிக்கு ஒரு டிபன், முகூர்த்தம் முடிந்ததும் உட்கார ஒரு மேசை என்று சமையல்காரரிடம் எண்ணிக்கையோடு சொல்லிவையுங்கள்.

ஜனவரி 12, இரவு 8.40

யூடியூப் லைவ் வைப்பதாக எழுதியிருந்தீர்கள். புதுச் சேனலில் முதல் தடவை லைவ் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், இந்த வாரமே திறந்து வையுங்கள். மண்டபத்தில் அப்லோட் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் இருக்கிறதா என்று கூட்டம் கூடும் நேரத்தில் போய்ப் பாருங்கள். காலி மண்டபத்தில் கிடைக்கும் போன் சிக்னல் 800 பேர் வந்ததும் கிடைக்காது. வரவேற்பில் சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமை என்று லைவ் தடைபடலாம், அதனால் முகூர்த்தத்துக்குத் தனி லிங்க்.

குரூப் படப் பட்டியலை இப்போதே எழுதுங்கள். 25 குழுவுக்கு மேல் வேண்டாம், குழுவுக்கு இரண்டு நிமிடம் என்றாலே 50 நிமிடம். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் முதலில். இரண்டு வீட்டிலும் குரல் கணீரென்று இருக்கும் மாமா ஒருவர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். போட்டோகிராபருக்கு உங்கள் பெரியம்மா யார் என்று தெரியாது.

பிப்ரவரி 8, காலை 9.15

இன்று மாலை வரவேற்பு அல்லவா? ஒரே ஒரு வேலை. எல்லாக் கேமராவிலும் மணி ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நான்கு கேமராவில் நான்கு நேரம் இருந்தால், அடுக்கும்போது தாலி கட்டியதற்கு முன்னால் மறுவீட்டுப் படம் வந்து நிற்கும். மாற்ற நேரமில்லை என்று சொன்னால், உங்கள் போனில் நொடிமுள்ளோடு கடிகாரத்தைத் திறந்து, ஒவ்வொரு கேமராவையும் அதை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கேமரா எத்தனை நிமிடம் முந்துகிறது, பிந்துகிறது என்று எடிட்டர் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார். வீடியோ கேமராவையும் விடாதீர்கள்.